நல்ல ஆண்டில் சேர்க்கும் நிதி

தறி நின்றால் நெசவாளிக்குக் கூலி தருவது யார்? விலை விழுந்தால் பயிரிடுவோரைத் தாங்குவது யார்? நெருக்கடி முற்றினால் சர்க்கார் ஏதேனும் செய்யும் என்பது நம் அங்கத்தினர் பலருடைய நம்பிக்கை. ஜெர்மனி தேசம் இரு நெருக்கடிகளில் கண்ட அனுபவம், இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டும்.

அந்நாட்டில் 1927-இல் வேலையின்மைக் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. இரண்டே ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்துற்றது. இருப்புச் சேர அவகாசமில்லை. சந்தாவை உயர்த்துவதா, உதவியைக் குறைப்பதா என்ற சச்சரவில் 1930 மார்ச்சில் மந்திரி சபையே கவிழ்ந்தது. வேலையற்றோர் சுமார் 60 லட்சமாகப் பெருகிய 1932-இல் உதவித் தொகை வெட்டப்பட்டது. தேவை பெருகிய வேளையில் உதவி சுருங்கிற்று.

2009-இல் அங்கு உற்பத்தி நூற்றுக்கு 5-க்கு மேல் வீழ்ந்தது. ஆயினும் வேலையின்மை சிறிதே உயர்ந்தது. தொழிற்சாலைகள் ஆட்களை நீக்காமல் வேலை நேரத்தைக் குறைத்தன. இழந்த நிகரக் கூலியில் நூற்றுக்கு 60, குழந்தை உள்ளோர்க்கு 67 வீதம், காப்புறுதி நிதி ஈடு செய்தது. 14 லட்சத்துக்கு மேற்பட்டோர் பயனடைந்தனர். முந்திய ஆண்டுகளில் சேர்த்த சுமார் 1,700 கோடி யூரோ இருப்பு இதற்குக் கைகொடுத்தது.

அது மாதச் சம்பளக்காரருக்கன்றோ என்று கேட்கலாம். உண்மையே. நம் நாட்டிலும் 2020-இல், தொழிலாளர் அரசு காப்புறுதித் திட்டத்தில் வேலையிழந்தோர்க்கான உதவி, சராசரிக் கூலியில் நூற்றுக்கு 25 என்பதிலிருந்து 50 ஆக, 90 நாள் வரை உயர்த்தப்பட்டது. ஆனால் அது காப்புறுதி பெற்ற தொழிலாளருக்கே உரியது. வீட்டுத் தறியில் நெய்பவருக்கும் சொந்த நிலத்தில் உழுபவருக்கும் அதில் இடமில்லை. அவர்களுடைய கூலியையும் வரவையும் மாதந்தோறும் குறித்து வைப்பது சங்கத்தின் பேரேடே.

ஆதலின் அப்பேரேட்டிலிருந்தே காப்பும் தொடங்க வேண்டும். விற்பனை நன்கு நடந்த ஆண்டில் லாபம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ளும் ஆவல் இயல்பானதே. எனினும் அதில் ஒரு பகுதியை, துணைவிதிகளுக்கு உட்பட்டு, வேலைக் குறைவு நிதியென ஒதுக்குவது நலம். மந்த காலத்தில் சில தறிகளை அறவே நிறுத்தாமல், உள்ள பாவை எல்லாத் தறிகளுக்கும் பகிர்ந்து, குறையும் கூலியில் ஒரு பங்கை அந்நிதியிலிருந்து ஈடு செய்யலாம். பயிரிடுவோர் சங்கங்களும் நல்ல விலை கிடைக்கும்போது மூட்டைக்குச் சிறு தொகை பிடித்து வைக்கலாம்.

இவ்வாண்டு ஈவு சற்றுக் குறையும்; ஆனால் தறி நிற்கும் மாதத்தில் அடுப்பு எரியும். வரும் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.