வீடு கிடைக்கிறது, ஊர் கிடைக்கிறதா?

ஒற்றை அறைக்கு டிபாசிட் புரட்ட முடியாமல் மாதுங்காவுக்கும் கல்யாணுக்கும் நடுவே அலைகிற குமாஸ்தா ஒருவரிடம், ஜப்பானில் வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன, வந்து குடியிருங்கள் என்று ஊர்க்காரர்களே விளம்பரம் செய்கிறார்கள் என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். ஆனால் செய்தி பொய்யல்ல. 2023-ம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் எடுத்த வீட்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் காலி. நூறு வீட்டுக்குப் பதினாலு வீடு என்று வைத்துக் கொள்ளலாம். வாடகைக்கும் விற்பனைக்கும் காத்திருப்பவை, விடுமுறைக்கென்று வைத்திருப்பவை ஆகியவற்றைக் கழித்த பிறகும், கேட்பாரற்றுக் கிடப்பவை மட்டும் 38 லட்சத்துக்கு மேல்.

இந்த விநோதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜப்பானின் ஜனத்தொகை 2008-ல் சுமார் 12 கோடியே 80 லட்சமாக உச்சத்தைத் தொட்டது, அதிலிருந்து இறங்குமுகந்தான். இருக்கும் இளைஞர்களும் டோக்கியோ, ஒசாகா என்று போய்விட்டார்கள். கிராமத்தில் கிழவரும் கிழவியும் காலமானால் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்லும் பிள்ளை திரும்பி வருவதில்லை. வீட்டைத் தம் பெயருக்கு மாற்றிக் கொள்வதுகூட இல்லை. 2024 ஏப்ரலில்தான், வாரிசுகள் மூன்று ஆண்டுக்குள் பதிவு செய்தே தீர வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. இதில் வரி விவகாரமும் கலந்திருக்கிறது. வீடு நிற்கும் சிறு மனைக்கு வரி போடும்போது மதிப்பில் ஆறில் ஒரு பங்கைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். வீட்டை இடித்துவிட்டால் இடித்த செலவோடு அந்தச் சலுகையும் போய்விடும். இடிப்பதைவிட மழையிலும் பனியிலும் தானே சாய விடுவது லாபம் என்று கணக்குப் போடுகிறவர்களைக் குறை சொல்வானேன்?

ஊராட்சிகள் விழித்துக் கொண்டு காலி வீடுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. 'அகியா பாங்க்' என்று அதற்குப் பெயர். ஒரு மோட்டார் காரின் விலைக்கும் குறைவான விலையில் தோட்டத்தோடு வீடு அதில் வருவதுண்டு. வாங்குபவர் அந்நியராக இருந்தாலும் சட்டத்தில் தடையில்லை. ஆனால் பத்திரம் கையில் இருப்பதால் விசா கிடைத்துவிடாது. அது வேறு இலாகா. வீட்டோடு வயலும் சேர்ந்திருந்தால் உள்ளூர் விவசாயக் கமிட்டியின் அனுமதி வேண்டும். 1981 ஜூனுக்கு முன் கட்டிய வீடானால், பூகம்பத்துக்கான புதிய விதிகள் வருவதற்கு முன்னால் கட்டியது என்று அர்த்தம். கக்கூஸ் இன்னும் குழிதானா, லாரி வந்து உறிஞ்சிச் செல்ல வேண்டுமா என்பதையும் விசாரிக்க வேண்டும். நீகாத்தா, அக்கித்தா பக்கமானால் கூரைமேல் ஏறிப் பனியை வாரித் தள்ள உடம்பில் தெம்பு வேண்டும். மலிவான வீடு என்பது பல சமயம் மலிவல்ல.

வெளிநாட்டார் ஜப்பானியக் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் குடியேறுவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமும் அல்ல. கிரேக்கத் தீவில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்த லஃப்காடியோ ஹெர்ன் 1890-ல் மாட்சுயே என்ற ஊருக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். அங்கே ஒரு சாமுராய் வீட்டில் குடியிருந்தார், உள்ளூர்ப் பெண்ணையே மணந்தார். 1896-ல் மனைவி வீட்டாரின் குடும்பத்தில் சேர்ந்து கொயிஸுமி யாகுமோ என்ற பெயரில் ஜப்பான் பிரஜையானார். அவ்வளவு ஆசை வைத்த மாட்சுயேயில் அவர் இருந்தது ஒன்றேகால் வருஷந்தான்; அந்தக் குளிர் தாங்காமல் குமாமோட்டோவுக்குப் போனார். அலெக்ஸ் கெர் என்ற அமெரிக்கர் மாணவராக இருந்தபோதே, 1973-ல், ஷிக்கோகு தீவின் இயா பள்ளத்தாக்கில் பாழடைந்த கூரை வீடு ஒன்றை வாங்கினார். வேல்ஸ்காரரான ஸி. டபிள்யூ. நிக்கல் 1980-ல் நாகானோவின் குரோஹிமேயில் குடியேறி, சீரழிந்த காட்டு நிலத்தை வாங்கி மரம் வளர்த்தார். 1995-ல் பிரஜா உரிமை பெற்று, 2020-ல் காலமானார்.

இவர்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் வீட்டைத்தான் பார்க்கிறார்கள். கிராமத்தில் வீடு என்பது சுவருக்குள் அடங்கிய சொத்தல்ல என்பதைக் கவனிப்பதில்லை. ஷிராகவா கிராமத்தில் ஒரு வீட்டின் புல் கூரையை மாற்றுவது அந்த வீட்டுக்காரரால் ஆகிற காரியமல்ல. ஊரே திரண்டு வந்து வேயும். அடுத்தவர் கூரைக்கு அவரும் போக வேண்டும். 'யுயி' என்பது அந்த ஏற்பாட்டின் பெயர்.

புதிதாக வருகிறவர் பதினாலு நாளுக்குள் ஊராட்சிக் காரியாலயத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். எதிர் வரிசையில் மூன்று வீட்டுக்கும் இரு பக்கத்து வீட்டுக்கும் ஒரு துண்டோ பலகாரமோ கொண்டுபோய் வணக்கம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் தவறினால் நினைவில் வைத்திருப்பார்கள். பிறகு ஊர்ச் சங்கத்துக்குச் சந்தா. சங்கத்தின் அறிவிப்புகள் ஒரு அட்டையில் செருகப்பட்டு வீடு வீடாக வரும். படித்துக் கையெழுத்தோ முத்திரையோ இட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். குப்பையைப் பிரித்து, குறித்த கிழமையில், குறித்த இடத்தில் காலையிலேயே வைக்க வேண்டும். தொகுஷிமாவைச் சேர்ந்த கமிக்காட்சு என்ற ஊரில் குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். அது ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த அதிசயம், எல்லா ஊரும் அப்படியல்ல. வாய்க்கால் தூர் வாரும் நாளும் பாதையோரப் புல் அறுக்கும் நாளும் வரும். அன்று வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடிமராமத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வாய்க்கால் பொது. ஒருவர் வராவிட்டால் அவர் பங்கு மண் அங்கேயே கிடக்கும், கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர் ஏறாது. டோக்கியோவிலிருந்து வந்தவரானாலும் கனடாவிலிருந்து வந்தவரானாலும் நியாயம் ஒன்றே. பணங்கொடுத்து வீடு வாங்கியாயிற்று, என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்கிறவர் பட்டணத்திலேயே இருந்திருக்கலாம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 2023 ஜனவரியில் ஃபுக்குயி பிரதேசத்தின் இகேடா என்ற சிற்றூர் தன் செய்தி ஏட்டில் குடியேற வருவோருக்கு ஏழு புத்திமதிகளை வெளியிட்டது. பட்டணத்து வாடையை இங்கே வீசாதீர்கள் என்கிற தோரணையில் ஒன்று. புதியவரை ஊரார் எடைபோட்டுப் பார்ப்பது இயல்பு என்கிற பொருளில் இன்னொன்று. நாடெங்கும் சர்ச்சை எழுந்தது. ஊர்க்காரர்கள் மனத்தில் இருந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள் என்ற வகையில் அதைப் பாராட்டக்கூடச் செய்யலாம். ஆயினும், மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர், ஆள் வேண்டும் என்று அழைத்துவிட்டு, வந்தவரை வாசலிலேயே நிறுத்திப் பரீட்சை வைப்பது எந்த வகையில் சேர்த்தி? உழைப்பில் பங்கு கேட்கிற சங்கம், பேச்சில் பங்கு கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும். ஊரோடு ஒட்டாதவரை விலக்கி வைப்பதற்கு 'முராஹாச்சிபு' என்று பழைய பெயர் ஒன்று அங்கே உண்டு. ஊர்க் காரியங்கள் பத்தில் எட்டை நிறுத்திவிட்டு, தீப்பிடித்தால் அணைக்கவும் செத்தால் அடக்கம் செய்யவும் மட்டும் வருவார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இவ்வளவும் வீடு வாங்கி வருகிறவரைப் பற்றிய பேச்சு. வீடு வாங்காமல், வேலைக்கென்று வந்து சேர்ந்தவர்கள் அவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம். காய்கறித் தோட்டத்திலும், சிப்பி உரிக்கும் கொட்டகையிலும், முதியோர் இல்லத்திலும் அவர்களைக் காணலாம். 1993-ல் 'பயிற்சி' என்ற பெயரில் தொடங்கிய ஏற்பாட்டில் வந்தவர் முதலாளியை மாற்ற முடியாது, பெண்டாட்டி பிள்ளையை அழைத்து வர முடியாது, ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கவும் முடியாது. பெயர் பயிற்சி, நடப்பது கூலி வேலை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2019-ல் தேர்ச்சி பெற்ற தொழிலாளருக்கென்று தனி விசா வந்தது. அதன் முதல் படியிலும் குடும்பத்துக்கு இடமில்லை, இரண்டாவது படிக்கு ஏறியவருக்கே அந்தப் பாக்கியம். 2024-ல் பழைய பயிற்சி முறையையே எடுத்துவிடச் சட்டம் செய்தார்கள். புதிய முறையில், ஓரிரண்டு ஆண்டு வேலை செய்த பிறகு அதே தொழிலில் முதலாளியை மாற்றலாம். அது தொடங்க 2027 ஏப்ரல் என்று நாள் குறிக்கப்பட்டது.

பக்கத்தில் பத்து வீடு பூட்டிக் கிடக்க, முதலாளி ஒதுக்கிய விடுதி அறையில் நாலு பேர் படுத்து, அதற்கு வாடகையையும் சம்பளத்தில் பிடித்துக் கொள்ளக் கொடுக்கிறவரை ஊர் எந்தக் கணக்கில் வைக்கிறது? அறுவடைக்கு வேண்டியவர், வாய்க்காலுக்கும் திருவிழாவுக்கும் வேண்டாதவரா? தானாகவே வீடு தேடிப் போனாலும் சுகமில்லை. அந்நாட்டு நீதி அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஐந்தாண்டுகளில் வீடு தேடிய அந்நியரில் நூற்றுக்கு 39 பேர், அந்நியர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஜாமீனுக்கு ஜப்பானியர் ஒருவர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 41 பேர். 'மதராசிக்கு வீடில்லை' என்ற பதிலைப் பழைய பம்பாயில் கேட்டுப் பழகிய குடும்பங்களுக்கு இந்த எண்களின் ருசி தெரியும்.

2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி ஐந்தாண்டில் ஐம்பதாயிரம் இந்தியத் தொழிலாளரை அங்கே அனுப்புவது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களில் தமிழரும் இருப்பார்கள். போகிறவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அறை வாடகை எவ்வளவு பிடிப்பார்கள், ஓர் அறையில் எத்தனை பேர், எந்த விசா, அதில் குடும்பத்துக்கு இடம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சித் தொழிலாளரின் பாஸ்போர்ட்டை மேற்பார்வைச் சங்கமோ முதலாளியோ வாங்கி வைத்துக்கொள்வதை 2017-ல் அமலுக்கு வந்த ஜப்பானியச் சட்டமே தடுத்திருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்கலாகாது. கொஞ்சமாவது பாஷை கற்றுக்கொண்டு போவது நல்லது. ஊர் அறிவிப்பு அட்டை ஜப்பானிய எழுத்தில்தான் வரும்.

அங்குள்ள ஊராட்சிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காலி வீட்டுப் பட்டியலை டோக்கியோவாசிக்கும் வெள்ளைக்காரருக்கும் காட்டுவதோடு, ஏற்கெனவே தங்கள் ஊர் வயலில் குனிந்து நிற்கிறவருக்கும் காட்டலாம். ஜாமீனுக்கு ஊராட்சியே நிற்கலாம். வாய்க்கால் வெட்டும் நாளில் விடுதிக் கதவையும் தட்டிக் கூப்பிடலாம்.