ஜிபிஎஸ் கருவியை எங்கே வாங்குவது?

1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் மலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் சாரண ஆசிரியர்கள் சிலர், கையடக்க ஜிபிஎஸ் கருவியை இணையம் வழி வாங்கலாமா என்று வினவுகின்றனர். அங்கே விலை குறைவாகக் கிடைப்பது உண்மையே. ஆயினும் ஜொகூர் பாருவில் கடையிலேயே வாங்குங்கள் என்பேன்.

அடர்ந்த மரங்களுக்கு அடியில் செயற்கைக்கோளின் அலைகள் வலுவிழந்துவிடும். கைத்தொலைபேசித் தொடர்பும் எல்லா இடத்திலும் இராது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே கருவியைச் சோதித்துக் கொண்டிருக்க முடியாது. கடையில் வாங்கினால் முன்னதாகவே சோதித்துவிடலாம். பேரங்காடியின் கூரைக்குள் அது சரியாக இயங்காது. கடைக்காரரைத் திறந்த வெளிக்கு அழைத்து வந்து, சில நிமிடங்கள் பொறுத்திருந்து பாருங்கள். (முகம் சுளிப்பார், பொருட்படுத்த வேண்டாம்.) ஐரோப்பாவுக்கென விற்கப்படும் கருவியாயின், நம் நாட்டு வரைபடம் அதில் விரிவாக இராது. அதையும் அப்போதே கண்டுகொள்ளலாம்.

உத்தரவாதமே பெரிய சிக்கல். வெளிநாட்டு விற்பனையாளர் தரும் உத்தரவாதம் இங்கே செல்லாமல் போகலாம். உள்ளூர்க் கடையுடன் பிணக்கு நேர்ந்தால், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். 2019 முதல் 50,000 ரிங்கிட் வரை கோர வழியுண்டு. கடல் கடந்த விற்பனையாளரை அங்கே கொண்டுவந்து நிறுத்துவது எளிதன்று. ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.