காந்தத்திற்கும் தரம் வேண்டும்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை மோட்டார் சைக்கிளை நம்பிப் பிழைப்போர் தொகை சிறிதன்று. உணவுப் பொதியை வீடு வீடாகச் சேர்ப்பவரும், கடைக்குக் கடை ஏறி இறங்கும் விற்பனைப் பிரதிநிதியும், காலையிற் பொத்தானை அழுத்தியதும் வண்டி கிளம்பினால்தான் அன்றைய கூலியைக் காண்பர். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திற்று. 2025இலேதான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டியை ஒட்டியும் வெட்டியும் ஓட்டியவர்கள், உதிரிப்பாகம் விற்போரின் சொல்லையே வேதவாக்காகக் கொள்ள நேர்ந்தது. இன்றும் புதுவண்டி அவர்களுக்கு எட்டாக்கனியே.

அவர்கள் வாங்கும் உதிரிப்பாகங்களுள் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பற்றி இங்கே பேச விரும்புகிறோம். அதன் உருக்குக் கூட்டினுள்ளே வில்போல் வளைந்த கருஞ்சாம்பல் நிறக் காந்தத் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கும். பெரைற் காந்தம் என்பது இதன் பெயர். இரும்பு ஒட்சைட்டுடன் ஸ்ட்ரொன்சியம் அல்லது பேரியம் காபனேற்றைக் கலந்து சுட்டு, மாவாக அரைத்து, அச்சில் அழுத்தி, ஏறக்குறைய 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மீண்டும் சுட்டு இறுக்குவார்கள். ஒருவகை மட்பாண்டம் என்றே சொல்லலாம். 1950களின் தொடக்கத்தில் ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடம் இதனை உலகறியச் செய்தது. 2025 ஏப்ரிலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த அருமண் காந்தங்களின் இனமன்று இது. மூலப்பொருள் மலிவு, செய்முறையும் மறைபொருளன்று. தரமானதைத் தர இயலாதென்று எந்த இறக்குமதியாளரும் சாக்குச் சொல்வதற்கில்லை.

ஆனால் வாங்குபவர் கண்ணுக்கு நல்லதும் போலியும் ஒன்றே. அச்சில் அழுத்தும்போது துணிக்கைகளைக் காந்தப்புலத்தால் ஒரே திசைக்கு நிறுத்தவேண்டும். அச்செலவை மிச்சம் பிடித்தால் காந்தத்தின் வலிமை ஏறத்தாழப் பாதியாகும். மேலே பூசிய வர்ணமும் ஒட்டிய சீட்டும் இதைச் சொல்லா. காந்தம் மெலிந்த மோட்டார், அதே விசையைத் தருவதற்கு அதிக மின்னோட்டத்தை இழுக்கும். பற்றறி சோரும், காபன் பிறஷ் தேயும். வண்டிக்காரரோ பற்றறியைக் குறைகூறிப் புதிதொன்று வாங்குவார். சில மாதத்தில் அதுவும் படுக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. இன்ன தேவைக்கென்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கிய பொருள் அத்தேவைக்கு உகந்ததாய் இருத்தல் வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் விதி. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமோ நுகர்வோருக்கென ஓர் அதிகார சபையையே நிறுவிற்று. எனினும் ஒரு மோட்டாருக்காக வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்டி நீதிமன்றப் படியேறுவார் யார்? ஏறினாலும், காந்தம் மெலிந்ததென்பதை எதைக்கொண்டு நிரூபிப்பார்? நிரூபிக்கும் சுமை கூலிக்காரரின் தோளில் இருக்கும்வரை அவருடைய உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

ஆகவே, ஸ்டார்ட்டர் மோட்டார்கள் துறைமுகத்தில் இறங்கும்போதே மாதிரிகளை எடுத்து இலங்கை கட்டளைகள் நிறுவனம் சோதிக்கவேண்டுமென்று கேட்கிறோம். இதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. குறித்த மின்னழுத்தத்தில் எத்தனை அம்பியர் இழுத்து எவ்வளவு முறுக்குவிசை தருகிறதென்று அளந்தாலே குட்டு வெளிப்படும். அந்த அளவும், செய்தவர், இறக்குமதி செய்தவர் பெயர்களும், உத்தரவாதக் காலமும் பெட்டியிற் பொறிக்கப்படல் வேண்டும். அவ்வாறு பணிக்கும் அதிகாரம் நுகர்வோர் அதிகார சபைக்கு உண்டு. தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் எழுதிற்று. பெட்டியின் எழுத்துகள் தமிழிலும் இருக்கட்டும்.