மழையை மட்டும் குறை சொல்லாதீர்கள்

"மழை ஒழுங்காப் பெய்யலை, அதான் காளான் இல்லை." தென்காசிப் பக்கம் ஐப்பசியில் சந்தைக்குப் போனால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருப்பதில்லை. நானும் மழைக்கு ஏங்குகிறவள்தான். கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மானாவாரிக் காட்டை வைத்துப் பாடுபடுகிறவள். ஆனாலும் பழி முழுவதையும் வானத்தின் மேல் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மழை வரத்தான் செய்கிறது. அது வரும்போது காளான் முளைக்க வேண்டிய புற்று அங்கே இருப்பதில்லை.

மழைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. எந்த மழை என்பதுதான் கேள்வி. காளான் பொறுக்க என்னைக் கூட்டிப்போன பெரியம்மா, முதல் மழைக்கே கூடையைத் தூக்குகிறவர்களைப் பார்த்துச் சொல்வாள்: "மழ பெஞ்சா மட்டும் போதுமாட்டி? மண்ணு குளுரணும்லா." இதைவிடச் சரியாக ஒரு விஞ்ஞானியும் சொல்லிவிட முடியாது. எங்கள் செம்மண் சரளில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்யும் மழை, மேல்மண்ணை நனைத்துவிட்டு ஓடையில் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு சாண் தோண்டினால் உள்ளே வெக்கை அப்படியே இருக்கும். மறுநாள் வெயில் மிச்ச ஈரத்தையும் குடித்துவிடும். கோடை காய்ந்த பிறகு நாலைந்து நாள் விட்டுவிட்டுப் பெய்து, மூட்டம் கலையாமல், ராத்திரியில் போர்வை தேடும் அளவுக்குக் குளிர்ச்சி இறங்கினால்தான் மண் குளிரும்.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மண்ணுக்குள் மொட்டுவிடும் நேரத்தில் வறண்ட காற்று வீசினால் அது அங்கேயே சுருங்கிப்போகும். ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலோடு வரும் ஆடிக்காற்று நல்லது. சாரல் இல்லாமல் அதே காற்று மட்டும் வந்தால் மொட்டு கருகிவிடும். நூறு மில்லிமீட்டர் ஒரே ராத்திரியில் கொட்டினாலும், பத்து நாள் பிசுபிசுத்துப் பெய்தாலும் மழைமானிக் கணக்கில் ஒன்றுதான். காளானுக்கு அவை இரண்டும் வேறு வேறு வருடங்கள்.

இடி இடித்தால் காளான் வெடிக்கும் என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தில் ஷீடாக்கே காளான் வளரும் மரக்கட்டைகளில் உயர் மின்னழுத்தம் பாய்ச்சிப் பார்த்து, விளைச்சல் கூடியதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் நம் புற்றுக்காளானுக்கும் இடிக்கும் நான் முடிச்சுப் போட மாட்டேன். இடியோடு வரும் மழை பல நாள் வெக்கையை ஒரே மூச்சில் தணிக்கிறதே, எனக்கு அந்தக் காரணமே போதும்.

குளிர் என்றாலும் அளவு உண்டு. மார்கழிப் பனியில் புல் நனைந்து கிடந்தாலும் எங்கள் காட்டில் புற்றுக்காளான் தலைகாட்டாது. ஊட்டியில் வளர்க்கும் மொட்டுக்காளானுக்கு இருபது டிகிரிக்குக் கீழே வேண்டும். பால்காளான் முப்பதைத் தாண்டியும் செழிக்கும். காஷ்மீரத்துக் குச்சிக் காளான் பனி உருகும் வசந்தத்தில்தான் எழும்பும். அததற்கு அதது குளிர்.

புற்றுக்காளான் மற்றவற்றிலிருந்து வேறுபடுவது இங்கேதான்: அதை வளர்ப்பது மழையல்ல, கறையான். காய்ந்த புல்லையும் இலையையும் கட்டையையும் தின்று, கழிவைக் கொண்டு கறையான் புற்றுக்குள் அடையடையாகக் கட்டுகிறது. அந்த அடையில் பூசணம் படர்கிறது. கறையானின் சாப்பாடு அதுதான். 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்ம் டெர்மிட்டோமைசஸ் என்று பெயரிட்ட பேரினம் இது. சுமார் மூன்று கோடி ஆண்டுகளாக நடந்துவரும் வேளாண்மை. மனிதர்களாகிய நாம் சிப்பிக்காளானைக் கொட்டகையில் வளர்க்கக் கற்றுக்கொண்டோம். இதை விற்பனைக்கு வளர்க்க இன்னும் முடியவில்லை. அரிசிக்காளான் இன்னும் விசேஷம். கறையானே அடைத் துணுக்குகளை வெளியே தூக்கி வந்து பரப்ப, அதன் மேல் வெள்ளை வெளேரென்று கூட்டமாக முளைக்கும்.

விடியலில் போனால் தெரியும். குடை முழுதும் விரியாமல், நடுவில் ஒரு கூர்முனையோடு மண்ணைப் பிளந்து நிற்கும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சுற்றிலும் மண்ணைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், தண்டு வேர்போல மெலிந்து மெலிந்து முழங்கை ஆழத்துக்கும் இறங்கும். அது போய்ச் சேரும் இடம்தான் கறையானின் அடை. குச்சியை விட்டு அடியைக் குடையாமல், தண்டை மட்டும் அறுத்து எடுத்தால் அடுத்த மழைக்கும் அதே புற்றில் கிடைக்கும். மதியத்துக்குள் கறிக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் புழு வைத்துவிடும். மண்ணைச் சுரண்டி, கையால் நார் நாராகக் கிழித்து, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு நல்லெண்ணெயில் வதக்கினால் வீடு முழுக்க மணக்கும்.

இந்தப் புற்றுகளைத்தான் நாம் இடித்துத் தள்ளுகிறோம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முட்டையும் பாலும் ஊற்றிய புற்றைத் தொட ஆள் கிடையாது. பொட்டு இல்லாத புற்றுக்கு ஜேசிபிதான் முடிவு. மனை போடவும் வரப்பு நேர்ப்படுத்தவும் மேய்ச்சல் புறம்போக்கைச் சமன்படுத்தவும் முதலில் போவது அது. தப்பித்ததற்குக் கறையான் மருந்து. குளத்துக் கரையில் உள்ள புற்று கரையை ஓட்டையாக்கும், அதை அகற்றுவது நியாயம். வீட்டு அஸ்திவாரத்துக்கு மருந்து அடிப்பதும் சரி. ஆளில்லாத காட்டு மூலையில் நிற்கும் புற்று யாரை என்ன செய்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈசல் பறந்துபோய்ப் புதுப் புற்று தொடங்கும்போது, பெரும்பாலான இனங்களில் பூசண விதையைக் கூடவே கொண்டுபோவதில்லை. அங்கே பிறக்கும் முதல் கறையான்கள் வெளியே வந்து, விரிந்த காளான்கள் உதிர்த்த வித்துத் தூளிலிருந்துதான் அதைப் பெறுகின்றன. மொட்டிலேயே அத்தனையையும் பறித்துவிட்டால் வித்து எங்கிருந்து வரும்?

புற்று குறைந்ததில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. புற்றடியில் நின்று பெரியவர்கள் காட்டிக்கொடுத்த பழக்கம் அறுந்து, கைபேசிப் படத்தைப் பார்த்துப் பறிக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. மழைக்குப் பின் புல்வெளியில் பழுப்புச் செதிலோடு வெள்ளைக் குடை விரிக்கும் ஒரு நச்சுக்காளான் உண்டு. முற்றியதும் அதன் மடிப்புகள் பச்சையாகும். இளசாக இருக்கையில் ஏமாற்றிவிடும். வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்ற சோதனைகள் எதையும் நம்பக் கூடாது. கொடிய வகைகளின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. வாந்தி தொடங்கவே பல மணி நேரமாகும், ஓய்ந்ததுபோல் இருந்துவிட்டு ஈரலைத் தாக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் 13 பேர் காட்டுக்காளான் தின்று இறந்தார்கள். பார்த்துப் பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று "இதுதான்" என்று சொல்லாத காளானை அடுப்படிக்குக் கொண்டுவராதீர்கள்.

ஊராட்சிக்காரர்களிடமும் காடு வைத்திருப்பவர்களிடமும் நான் கேட்பது பெரிய காரியமல்ல. புறம்போக்கைச் சமன்படுத்த இயந்திரம் வருமுன் எந்தப் புற்றை விடுவது என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஆடி உழவுக்கு டிராக்டர் வருவதற்குள், காட்டில் இருக்கும் புற்றைச் சுற்றி நாலு கல்லை நட்டு டிரைவரிடம் காட்டிவிடுங்கள். பொறுக்கப் போகிறவர்கள், விரிந்த குடைகளில் சிலவற்றை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.