வீட்டுத் தொலைபேசி இல்லாமலும் பதிவு செய்யலாம்



தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய வீட்டுத் தொலைபேசி வேண்டும் என்ற எண்ணம் பேராக் தோட்டப்புறங்களில் சிலரிடம் இன்னும் உண்டு. அது தவறு. 1999இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிவோ என்ற பதிவுக் கருவி நிகழ்ச்சி நிரலைத் தொலைபேசி வழியே பெற்றது. ஆனால் நம் செயற்கைக்கோள் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவின் நிரல் மீசாட் செயற்கைக்கோளிலிருந்து ஒளிபரப்போடு சேர்ந்தே வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆகவே வன்தட்டு உள்ள டிக்கோடரில் பதிவு செய்யத் தொலைபேசிக் கம்பியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய லயன் வீடுகளிலிருந்து இரவு வேலைக்குப் போகிறவர்கள் வானவில் அலைவரிசை நாடகத்தை மறுநாள் பார்க்க இதுவே போதும். மாலை இடிமழையில் ஒளிபரப்பு அறுந்தால் பதிவும் அறுபடும். அப்போது மறுஒளிபரப்பைப் பதிந்துகொள்வதே வழி.

2019இல் வந்த ஆஸ்ட்ரோவின் அல்ட்ரா பெட்டி வேறு வகை. அதன் பதிவுகள் இணையத்தில் சேமிக்கப்படுவதால், இணையம் இல்லாத வீட்டில் அந்த வசதி கிடைக்காது. முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். பதிவு பெட்டிக்குள் தங்குமா, இணையத்திலா என்பதை மேலட்டையிலேயே தமிழிலும் மலாயிலும் அச்சிட விற்பனையாளர்கள் முன்வர வேண்டும்.

வாசகர், ஈப்போ