புல் வலையும் நீண்ட இரவும்

நம் லாயங்கள் பலவற்றில் மாலைத் தீனி 6 மணிக்கு. அடுத்த தீனி விடிகாலை 5 மணிக்கு. கொள்ளு எவ்வளவு, ஓட்ஸ் எவ்வளவு என்று கிராம் கணக்கில் எழுதி வைக்கிறோம். நடுவிலுள்ள 11 மணி நேரம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. குதிரையின் இரைப்பை சிறியது. தின்றாலும் தின்னாவிட்டாலும் அது அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தை மட்டுப்படுத்தும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. பந்தயப் பயிற்சியிலுள்ள குதிரைகளுக்கு இரைப்பைப் புண் ஏன் இவ்வளவு பரவலாக வருகிறது என்பதற்கு ஒரு காரணம் இந்த வெற்று நேரத்தில் இருக்கிறது. புண்ணுக்கு மருந்து வாங்கும் நாம், அதைவிடப் பல மடங்கு மலிவான புல் வலையைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பதே இந்த இதழில் நான் சொல்ல விரும்புவது.

வலை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கண்ணின் அளவு. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உடல் எடையில் 1 சதவீத உலர்புல்லை வலையில்லாமல் போட்டபோது வளர்ந்த குதிரைகள் ஏறக்குறைய 3 மணி நேரத்தில் தின்று முடித்தன. 15 செ.மீ. கண் கொண்ட வலையில் வைத்தபோதும் பெரிய மாற்றமில்லை. கண் 4.4 செ.மீ. ஆனபோது 5 மணி நேரமும், 3.2 செ.மீ. ஆனபோது ஆறரை மணி நேரமும் ஆயின. நம் லாயத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 450 கிலோ குதிரைக்கு மாலையில் நாலரை கிலோ புல்லைத் தரையில் போட்டால் 9 மணிக்குத் தீர்ந்துவிடும். பிறகு 8 மணி நேரம் வெறும் வயிறு. அதே புல் சிறு கண் வலையில் நள்ளிரவு தாண்டியும் இருக்கும். ஒரு பைசா கூடுதல் தீவனமில்லாமல் வெற்று நேரம் ஏறக்குறைய பாதியாகிறது. பெரிய கண் வலை புல் சிந்துவதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

சிறு கண் வலையை ஒரே நாளில் மாட்டிவிடவும் கூடாது. பழகாத குதிரை எரிச்சலில் இழையைக் கடித்து இழுக்கும். முதல் வாரம் பாதிப் புல்லை வெளியே போட்டு, மீதியை வலையில் வையுங்கள். பல் தேய்ந்த கிழக் குதிரை, மெலிந்து தேற வேண்டிய குதிரை, குட்டி ஆகியவற்றுக்குச் சிறு கண் வலை வேண்டவே வேண்டாம். காலையில் வலையில் மிஞ்சியதை எடை போடுங்கள். நிரப்பிய எடையை மட்டும் குறித்துவிட்டு, குதிரை தின்றதாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அதிகம்.

எந்த உயரத்தில் கட்டுவது என்பதில் எளிய விடை கிடையாது. குதிரையின் உடல் தலை தாழ்த்தி மேய்வதற்கென்றே அமைந்தது. தாழ்ந்த தலையில்தான் மூச்சுக்குழாயின் சளி வடியும். உயரத்தில் கட்டிய வலையிலிருந்து தூசியும் பூஞ்சை வித்துகளும் கண்ணிலும் மூக்கிலும் கொட்டுகின்றன. கழுத்தும் முதுகும் இயல்புக்கு மாறாக வளைகின்றன. ஆனால் தாழக் கட்டினால் கால் மாட்டிக்கொள்ளும். லாடம் அடித்த குளம்பின் பின்முனை வலைக் கண்ணில் சிக்கினால் குதிரை மிரண்டு இழுக்கும். தசைநார் கிழிவதற்கு அந்த ஒரு கணம் போதும். ஆகவே என் கருத்து இது: லாடம் அடித்த குதிரைக்கு அதன் கண் மட்டத்தில் கட்டுங்கள், தூசிக்குப் புல்லை நனைத்துக் கொடுங்கள். லாடமில்லாத குதிரைக்கு, விளிம்பு கூர்மையில்லாத தொட்டிக்குள் வலையை இறக்கித் தாழ வைக்கலாம். இடவசதி இருந்தால், லாயத்தின் மூலையில் மரப்பெட்டி அடித்து, அதன் வாயில் வலையை இறுக்கிப் பூட்டுவது எல்லாவற்றிலும் நல்லது.

கட்டும் முறையில் பலர் தவறுகிறார்கள். நிரம்பிய வலை காலியாகும்போது தொய்ந்து, இரவு 2 மணிக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். கயிற்றை வளையத்தில் கோத்து, கீழே கொண்டுவந்து வலையின் அடிக் கண்ணொன்றில் நுழைத்து, மேலே இழுத்து, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். முடிச்சு சுவர்ப் பக்கம் இருக்கட்டும். வலை தொங்கும் லாயத்தில் குதிரையின் தலையில் வாரும் கொக்கியும் இருக்கக் கூடாது.

நனைப்பதற்கு 10 முதல் 30 நிமிடம் போதும். நம் வெயிலில் அதற்கு மேல் ஊறவிட்டால் புல் புளிக்கத் தொடங்கும். நனைத்த புல்லை அடுத்த வேளைக்கு வைக்கவும் கூடாது. நனைத்த நீர் பழுப்பாக, கெட்ட வாடையோடு இருக்கும். அதைக் குடிநீர்த் தொட்டிப் பக்கமோ குளத்திலோ ஊற்றாதீர்கள். பச்சைப் புல்லை வலையில் அடைத்துத் திணிப்பதும் ஆபத்து. நடுவில் சூடேறிவிடும்.

வலையைப் பேணுவதில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். சேணத்துக்கு எண்ணெய் போட ஆளிருக்கிறது. வலை மழையிலும் வெயிலிலும் கிடந்து ஒரு நாள் அறுகிறது. பாலிப்ரொப்பிலீன், நைலான் இரண்டுமே வெயிலில் நைந்து வலுவிழக்கும். நைந்த இழையைக் குதிரை விழுங்கினால் அது செரிக்காது. நார்களோடு சுருண்டு பெருங்குடலை அடைக்கலாம். குடல்கல் உருவாக அதுவே கருவாகவும் அமையலாம். அறுவை சிகிச்சை மேசை வரை போகும் கேடு இது. நிரப்பும் முன் ஒவ்வொரு முறையும் வலையை விரித்து, கண்களைக் கையால் இழுத்துப் பாருங்கள். இழை துண்டாகிப் போயிருந்தால் துண்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நாலைந்து நாள் சாணத்தையும் பசியையும் கவனித்து, மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஓரிரு கண் அறுந்தால் அதே தடிமனுள்ள நூலால் பின்னிச் சரிசெய்யலாம். நெருப்பில் உருக்கிய முனை கெட்டியாகி ஈறைக் கிழிக்கும். அதை உள்ளே மடித்துவிடுங்கள். பழைய மீன் வலையை வெட்டித் தைத்துக்கொள்ளும் யோசனை கடலோர ஊர்களில் எழுவது இயல்புதான். நரம்பு போன்ற ஒற்றை இழை வலையை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது உதட்டையும் ஈறையும் அறுக்கும்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஈர வலையை மூலையில் சுருட்டிப் போட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். தூசியை லாயத்துக்கு வெளியே உதறி, மென்மையான சோப்பில் கழுவி, நன்றாக அலசி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் தனி வலையும், அதில் குதிரையின் பெயரும், பயன்பாட்டுக்கு வந்த மாதமும் எழுதிய வில்லையும் இருக்கட்டும். குதிரைக் காய்ச்சல் 1987இலும் 2008-09இலும் நம் நாட்டில் பரவியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொண்டைக் கட்டி நோயும் மூக்குச் சளி பட்ட பொருட்கள் வழியே பரவுவதுதான். புதிதாக வந்து தனிமையில் நிற்கும் குதிரையின் வலை அந்தத் தனி லாயத்திலேயே கழுவப்பட்டு, அங்கேயே காய வேண்டும். அந்தக் குதிரைக்கு நோய் உறுதியானால் வலையை எரித்துவிடுங்கள்.