ஓடுறது கோழைத்தனம் இல்லை

2016இல் வந்த 'டெத் றோட் டு கனடா' கேமில் எங்கட பெடியள் மூன்றாம் நாளே செத்துப்போட்டு, "எல்லாம் லக்" என்று திட்டுகிறார்கள். பிழை எங்களிலதான். புளோரிடாவிலிருந்து கனடாவுக்கு உயிரோடு போய்ச்சேருவதுதான் இலக்கு. ஸொம்பிகளைக் கொன்று முடிப்பதில்லை.

கோடரியை விடாமல் வீசினால் ஆள் களைத்துவிடும், அடியில் பலம் இராது. கூட்டமாக வந்து முற்றுகையிட்டாலும் எல்லாவற்றையும் கொல்லத் தேவையில்லை. நேரம் முடியும்வரை இடம் மாறிக்கொண்டே இருந்தால் போதும். மூலைக்குள் மட்டும் மாட்டக்கூடாது. சாப்பாடும் பெற்றோலும் கிடைத்ததா, உடனே வெளிக்கிடுங்கோ.

நின்று அடிக்கிறவன்தான் ஆம்பிளை என்று எங்களுக்கு ஆர் சொல்லித்தந்தது? இந்தக் கேம் அப்படிச் சொல்லவில்லை. எங்களை நம்பி வந்தவர்களையும் காருக்குள் ஏற்றிக்கொண்டு தப்புவதைத்தான் அது வெற்றி என்கிறது. நாங்களும் அதையே சொல்லுறம்.